முகாமில் கணினி 'கண்ணில் பாதிப்பு' என்றால் எவ்வளவு நம்பலாம்?

கேட்டிருப்பது இதுதான்: அப்பாவுக்கு வயது 61, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஊரில் நடந்த முகாமில் இரண்டு கண்ணையும் படம் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் யாரும் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் கணினியே "விழித்திரையில் பாதிப்பு தெரிகிறது, கண் மருத்துவரைப் பார்க்கவும்" என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டது. "இது 90 சதவீதம் சரியாகச் சொல்லும் சார்" என்று அங்கிருந்த பையன் சொன்னானாம். அப்பாவோ, "எனக்குப் பேப்பர் படிக்கக் கண் நன்றாகத் தெரிகிறது, மெஷின் என்னத்தைக் கண்டது" என்கிறார். அப்படியானால் அப்பாவுக்கு நோய் இருக்க 90 சதவீதம் வாய்ப்பா? கணினி எதைப் பார்த்துச் சொல்கிறது? யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்றுகூட இப்போது கணக்குப் போடுகிறார்களாமே, அதுவும் இதே வித்தைதானா?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்துக்குள் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பேப்பர் படிக்க முடிகிறது என்பதை வைத்து ஆறுதல்பட முடியாது. சர்க்கரையால் விழித்திரையில் வரும் சேதம் நடுப்பகுதியைத் தொடும்வரை பெரும்பாலும் பார்வை குறையாது, வலியும் இருக்காது. கண் மங்கலாகிறது என்று அவரே வந்து சொல்லும் நாளுக்குள் நிறைய நடந்து முடிந்திருக்கும். இப்படி முன்கூட்டித் தேடிப் போய்ப் படம் எடுப்பதே அதற்காகத்தான்.

இனி அந்த 90-க்கு வருவோம். மருத்துவப் புள்ளியியல்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினியே இல்லாமல் பேனாவும் இஞ்ச் டேப்பும் வைத்துச் செய்கிற ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். சென்னையில் டாக்டர் வி. மோகனும் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் குழுவினரும் 2005-ல் வெளியிட்ட 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்' அது. சென்னையில் வீடு வீடாக நடத்திய பெரிய ஆய்வொன்றின் தரவிலிருந்து எடுத்தது. நான்கே கேள்விகள். வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குக் குறைவு என்றால் 0, 90 முதல் 99 வரை 10, 100-ம் அதற்கு மேலும் 20. பெண்ணுக்கு ஒவ்வொரு வரம்பிலும் 10 செ.மீ. குறைத்துக்கொள்ள வேண்டும். உடற்பயிற்சியும் உண்டு, உடல் உழைப்பும் உண்டு என்றால் 0. ஏதாவது ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை என்றால் 30. அம்மா அப்பாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 100. அறுபதும் அதற்கு மேலும் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வார்கள்.

உட்கார்ந்து வேலை பார்க்கிற, நடைப்பயிற்சி எதுவும் இல்லாத, 52 வயது, 96 செ.மீ. இடுப்பு, அம்மாவுக்கு மட்டும் சர்க்கரை. இப்படி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 30, 10, 30, 10, ஆக 80. 'எண்பது சதவீதம் சர்க்கரை வந்துவிட்டது' என்று அவர் பயந்தால் அது தப்பு. அந்த ஆய்விலேயே, 60-க்கு மேல் வாங்கியவர்களில் உண்மையில் கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை இருந்தவர்கள் 17 சதவீதம்தான். நூறு பேரில் 83 பேர் சும்மா பயந்தவர்கள். ஆனால் மறுபக்கம் பாருங்கள்: 60-க்குக் கீழே வாங்கியவர்களில் 95 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இல்லை. அதாவது இந்தச் சீட்டின் வேலை, 'யாருக்கு ஊசி குத்திப் பார்க்கலாம்' என்று வரிசையைச் சுருக்குவது. ஊரையே ரத்தப் பரிசோதனைக்கு உட்கார வைக்கக் காசும் இல்லை, ஆளும் இல்லை. அந்த வேலைக்கு இது தாராளமாகப் போதும்.

உங்கள் அப்பாவின் சீட்டும் இதே சாதிதான். உள்ளே இருக்கும் கணக்கு பல லட்சம் மடங்கு பெரியது, அவ்வளவே.

சரி, அந்தக் கணக்கை உங்கள் சீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த மாதிரி கருவிகளுக்கு ஒரு எண் கிடையாது, இரண்டு எண்கள். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பது ஒன்று. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறது என்பது இன்னொன்று. முதலாவது 90, இரண்டாவது 92 என்று வைத்துக்கொள்வோம். முகாமுக்கு 1,000 சர்க்கரைக்காரர்கள் வருகிறார்கள். அதில் 100 பேருக்கு மருத்துவர் பார்த்தே ஆகவேண்டிய அளவு பாதிப்பு இருக்கிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அந்த 100-ல் 90 பேர் பிடிபடுவார்கள், 10 பேர் நழுவிப் போவார்கள். மீதி 900 பேரில் 8 சதவீதம், அதாவது 72 பேர், ஒன்றும் இல்லாமலே 'பாதிப்பு' சீட்டோடு போவார்கள். ஆக, சீட்டு வாங்கியவர்கள் 162 பேர். அதில் உண்மையான நோயாளிகள் 90 பேர். ஏறக்குறைய 56 சதவீதம். கையில் சீட்டு இருக்கும் ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு நோய் உண்டு, நான்கு பேருக்கு இல்லை.

இப்போது அதே மெஷினைத் தூக்கிப் போய், கண் ஆஸ்பத்திரியின் விழித்திரைப் பிரிவு வாசலில் வையுங்கள். அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே ஏதோ பிரச்சினை என்று அனுப்பப்பட்டவர்கள். 1,000-ல் 400 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளலாம். 360 பேர் பிடிபடுவார்கள், 600-ல் 48 பேர் வீணாக மாட்டுவார்கள். சீட்டு வாங்கிய 408-ல் 360 உண்மை. 88 சதவீதம். மெஷின் மாறவில்லை, மென்பொருள் மாறவில்லை. வாசலில் நிற்கும் கூட்டம் மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிவைத்துவிட்டுப் போன கணக்கின் சாரம் இவ்வளவுதான். மருத்துவக் கணிப்பு முறைகளில் பாதி இதன் மேல்தான் நிற்கின்றன.

உங்கள் அப்பா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். பன்னிரண்டு வருடச் சர்க்கரை என்பதால், நேற்றுச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவரைவிட அவருக்கு வாய்ப்பு அதிகம். அவருடைய சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா, பிரஷர் உண்டா, சிறுநீரில் புரதம் போகிறதா என்பதெல்லாம் அந்த எண்ணை மேலேயும் கீழேயும் தள்ளும். மெஷினுக்கு இது எதுவும் தெரியாது. அது பார்த்தது படத்தை மட்டும்.

என்ன பார்த்தது? மருத்துவர் தேடுவதும் சிலவற்றைத்தான். ரத்தநாளச் சுவரில் சிவப்புப் புள்ளி போலத் தெரியும் நுண்ணிய புடைப்புகள், திட்டுத் திட்டாக ரத்தக் கசிவு, கசிந்த கொழுப்பு உறைந்து நிற்கும் மஞ்சள் பொட்டுகள், முற்றிய நிலையில் புதிதாக முளைக்கும் ஒழுங்கற்ற நாளங்கள். இதை வைத்து 'இல்லை' என்பதிலிருந்து 'முற்றியது' வரை ஐந்து படிகளாகப் பிரிப்பார்கள். மூன்றாம் படியிலிருந்து, அல்லது விழித்திரையின் மையத்தில் வீக்கம் இருந்தால், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் 'புடைப்பு என்றால் இப்படி இருக்கும்' என்று யாரும் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. படத்தைக் கொடுத்து, அதற்கு மருத்துவர் போட்ட படியையும் கொடுப்பார்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது சொல்லும். தப்பு எவ்வளவு என்று பார்த்து உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்கள் எல்லாவற்றையும் சற்றே திருகிவிடுவார்கள். மறுபடி படம், மறுபடி தப்பு, மறுபடி திருகல். நியூரல் நெட்வொர்க் என்று பெரிய பெயர் வைத்திருந்தாலும் நடப்பது இந்தத் திருகல்தான்.

கூகுள் குழு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பயிற்சிக்கு 1,28,175 விழித்திரைப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்றிலிருந்து ஏழு முறை வரை மதிப்பீடு. 54 பேர் உட்கார்ந்து படி போட்டார்கள். இதில் நம் ஊர்க் கண்களும் உண்டு: படங்களில் ஒரு பகுதி மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இடங்களிலிருந்து போனவை. சோதித்த படத் தொகுப்புகளில், ஆட்களை வீணாக அலைக்கழிக்கக் கூடாது என்று முறுக்கி வைத்தால், ஒரு தொகுப்பில் நோயுள்ளவர்களில் 90.3 சதவீதம் பேரைப் பிடித்து, நோயற்றவர்களில் 98.1 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. யாரையும் தவறவிடக் கூடாது என்று தளர்த்தி வைத்தால் முதல் எண் 97.5-க்கு ஏறியது, இரண்டாவது 93.4-க்கு இறங்கியது. ரேடியோவில் குமிழ் திருப்புவது மாதிரி. எந்தப் பக்கம் திருப்புவது என்பது கணக்கு வாத்தியார் எடுக்கும் முடிவு இல்லை. நழுவிப் போகிற ஒரு நோயாளிக்காக எத்தனை பேரைப் பஸ் ஏற்றி மதுரைக்கு அனுப்பத் தயார் என்று முகாம் நடத்துகிறவர்தான் எடுக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. ஏன் ஒரு படத்தை ஏழு பேர் வரை பார்க்க வேண்டும்? ஒரே படத்துக்கு ஒரு மருத்துவர் இரண்டு என்பார், இன்னொருவர் மூன்று என்பார். அதே படத்தைக் கொஞ்ச நாள் கழித்து அதே மருத்துவரிடம் காட்டினால் அவரே மாற்றிச் சொல்வதும் உண்டு. ஆக, கணினி கற்றுக்கொண்ட 'உண்மை' என்பது பெரும்பான்மை ஓட்டு. அடுத்து 2019-ல் வந்த ஆய்வில் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளை நேரடியாகச் சோதித்தார்கள். மென்பொருள் அரவிந்தில் 88.9 சதவீதம் பேரையும் சங்கரவில் 92.1 சதவீதம் பேரையும் பிடித்தது. அங்கே வழக்கமாகப் படம் பார்க்கிறவர்கள் பிடித்தது 73.4 முதல் 89.8 சதவீதம். கணினி மனிதனை மிஞ்சிவிட்டது என்று தலைப்புப் போட ஆசை வரும். நான் அப்படிப் படிக்கவில்லை. நாள் முழுக்கப் படம் பார்த்துக் கண் பூத்துப் போனவருக்குப் பக்கத்தில், அலுக்காத ஒருவர் உட்கார்ந்தால் எவ்வளவு உதவும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

மருத்துவரே இல்லாமல் கணினி தானாகச் சீட்டுக் கொடுப்பதற்கு அமெரிக்காவில் முதல் அனுமதி 2018 ஏப்ரலில், ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவிக்குக் கிடைத்தது. பத்து சாதாரண கிளினிக்குகளில் 900 பேரிடம் சோதித்தார்கள், நான் சொன்ன அந்த இரண்டு எண்கள் இதற்கு 87.2, 90.7. அது இரண்டே பதில்தான் சொல்லும்: ஒன்று, கண் மருத்துவரைப் பாருங்கள்; இரண்டு, பன்னிரண்டு மாதம் கழித்து வாருங்கள். படம் சரியில்லை என்றால் மூன்றாவதாக, படம் சரியில்லை என்று மட்டும் சொல்லும். இந்த மூன்றாவது பதிலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் சிக்கல் அங்கேதான்.

தாய்லாந்தில் இது நன்றாகவே தெரிந்துபோனது. கூகுள் குழு தன் மென்பொருளை அங்கே 11 கிளினிக்குகளில் வைத்து, நர்ஸுகள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூடவே உட்கார்ந்து கவனித்து 2020-ல் எழுதியது. தோல்வியை மறைக்காமல் எழுதினார்கள், அதற்காகவே பாராட்ட வேண்டும். முதல் ஆறு மாதத்தில் போட்ட 1,838 படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், 21 சதவீதம், 'தரம் போதாது' என்று தள்ளப்பட்டன. கண்ணைப் படம் எடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் கண் பாப்பா விரியும். பல கிளினிக்கில் தனி இருட்டறை கிடையாது. இன்டர்நெட் தடங்கினால் படம் மேலே ஏறவே நேரம் எடுத்தது. வெளியில் வரிசை நீண்டது. படம் தள்ளப்பட்டால் நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. நர்ஸ் கண்ணுக்குப் படம் நன்றாகத்தான் தெரிகிறது, ஆனாலும் அனுப்ப வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, காரணம் இல்லாமல் இன்னொரு ஊருக்குப் போ என்று யாரிடம் சொல்வது? 'இதில் சேராமல் இருந்தால் உங்களுக்கு நல்லது' என்று சில நர்ஸுகளே நோயாளியிடம் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் 90-க்கு மேல் வாங்கிய அதே மூளை. தோற்றது லைட்டாலும் வயராலும் பஸ் டிக்கெட்டாலும்.

ஒரு பழைய கதையும் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பால் என்ற அறுவை மருத்துவர், திடீர் வயிற்றுவலியோடு வந்தவர்களுக்கு நான் மேலே போட்ட பேய்ஸ் கணக்கைக் கணினியில் ஏற்றிப் பார்த்தார். குடல்வால் அழற்சியா, குடல் புண் ஓட்டை விழுந்ததா, பித்தப்பையா, அல்லது ஒன்றுமில்லாமல் தானாகச் சரியாகும் வலியா? 304 நோயாளிகள். கணினி 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது, மூத்த மருத்துவர்கள் 79.6 சதவீதம். இது வெளியானது 1972-ல். அன்றைய கணினியின் திறனை இன்று உங்கள் பையில் இருக்கும் போனோடு ஒப்பிடவே முடியாது. பிறகு நடந்ததுதான் சுவாரசியம். அந்த ஆய்வு நடந்த காலத்தில் மருத்துவர்களின் சொந்தக் கணிப்பும் மேம்பட்டது. கணினியை எடுத்த பிறகு பழையபடி இறங்கிவிட்டது. காரணம், கணினிக்கு ஊட்டுவதற்காக ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. வலி எங்கே ஆரம்பித்தது, எங்கே நகர்ந்தது, இருமினால் கூடுகிறதா, வாந்தி முன்னாலா பின்னாலா. ஒன்றுவிடாமல் கேட்டுத்தான் ஆகவேண்டும். அவர் செய்த கணக்கைவிட அந்தப் படிவமே அதிகம் வேலை செய்ததோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

அப்புறம், யார் பிழைப்பார் என்ற கணக்கு. நோய் இருக்கிறதா என்பதைவிட இது தந்திரமானது. நோய் இருப்பது இன்றைய சங்கதி, படத்திலோ ரத்தத்திலோ தேடலாம். பிழைப்பது நாளைய சங்கதி. நடுவில் நாம் கை வைக்கிறோம். நாம் கை வைத்ததால் பிழைத்தவரையும் கணினி 'ஆபத்தில்லாதவர்' என்று கற்றுக்கொள்ளும்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் 1990-களில் இப்படியே நடந்தது. நிமோனியாவோடு வருகிறவர்களில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரைச் சேர்க்க வேண்டும் என்று கணிக்கப் பல கணினி மாதிரிகளை (மாடல்களை) பயிற்றுவித்தார்கள். மிகச் சரியாகக் கணித்தது ஒரு நியூரல் நெட்வொர்க். ஆனால் அதே தரவில், விதிகளாக எழுதிக் காட்டும் வேறொரு மாதிரி ஒரு விசித்திரமான விதியைக் கக்கியது: ஆஸ்துமா இருந்தால் நிமோனியாவில் சாகும் ஆபத்து குறைவு. எந்தக் கம்பவுண்டரும் சிரிப்பார். தரவில் தப்பு இல்லை; ஆஸ்துமாக்காரர்கள் உண்மையிலேயே குறைவாகத்தான் இறந்திருந்தார்கள். ஏனென்றால் ஆஸ்துமாவோடு நிமோனியா என்றதும் நேரே ஐசியு-வுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கணினி அந்த ஐசியு-வைப் பார்க்கவில்லை, முடிவை மட்டும் பார்த்தது. அதை நம்பி ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? விதியாக எழுதிக் காட்டியதால் இது கண்ணில் பட்டது. நியூரல் நெட்வொர்க்குக்குள் இன்னும் இதுபோல் என்னென்ன கிடக்கிறதோ யார் கண்டது என்று, துல்லியம் குறைந்தாலும் பரவாயில்லை என்று எளிய மாதிரியையே தேர்ந்தெடுத்தார்கள்.

நானே இந்தக் குழியில் விழுந்திருக்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகளை வைத்து, சேர்ந்த முதல் நாள் தகவலிலிருந்து இறப்பைக் கணிக்கும் மாதிரி ஒன்று செய்துகொண்டிருந்தோம். நம்ப முடியாத அளவுக்குச் சரியாக வந்தது. இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள், எந்தத் தகவலுக்கு அதிக எடை கொடுக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், ரத்த அழுத்தமும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. 'ஹை ரிஸ்க் கன்சென்ட்' என்ற ஒரு கட்டம். நிலைமை மோசம் என்று டாக்டருக்குத் தோன்றினால் உறவினரைக் கூப்பிட்டு, எதுவும் நடக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்களே, அந்தக் காகிதம். டாக்டர் மனதில் ஏற்கெனவே போட்டுவிட்ட கணக்கை எங்கள் மாதிரி காப்பியடித்துப் பெருமையாக ஒப்பித்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தை நீக்கியதும் மார்க் சாதாரண நிலைக்கு இறங்கிவிட்டது. பரிசோதனைக்கு உத்தரவு போட்ட நேரம், எந்த வார்டு, எத்தனை முறை நர்ஸ் பிரஷர் பார்த்தார் என்று மனிதரின் கவலை படிந்த தடங்கள் ஆஸ்பத்திரிப் பதிவு முழுக்கக் கிடக்கும். எல்லாமே 'கணிக்கும்'. எதுவும் புதிதாகச் சொல்லாது.

இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்திவிட்டு, நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். அது நம் மாநிலத்திலேயே இருக்கிறது. காசநோய் இறப்பில்லாத் திட்டம், 2022-ல் தமிழக அரசும் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. டிபி-க்கு நல்ல மருந்து இருக்கிறது. ஆனாலும் கண்டுபிடித்த சில வாரங்களுக்குள்ளேயே சிலர் இறந்துபோகிறார்கள். யார் அந்தச் சிலர் என்று முதல் நாளே தெரிந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். அதற்கு ஸ்கேனும் வேண்டாம், மரபணுவும் வேண்டாம். எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. அவ்வளவுதான். பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 14-ம் அதற்குக் கீழும் என்றால் தீவிரம். 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தாலும் தீவிரம். நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, அல்லது ஆக்சிஜன் 94-க்குக் கீழே என்றால் தீவிரம். துணை இல்லாமல் நிற்க முடியவில்லை என்றாலும் தீவிரம்.

பிஎம்ஐ 14 என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒரு ஆள் 35 கிலோ இருக்கிறார். இந்த ஆளைப் பார்த்தாலே தெரியுமே, இதற்கு ஏன் கணக்கு என்று தோன்றும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சட்டைக்குள் இருக்கும் 35 கிலோ அவ்வளவு சுலபமாகத் தெரியாது. எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினால்தான் தெரியும். லீட்ஸ் படிவத்தின் கதைதான் இங்கேயும்.

பிறகு 2025-ல் இதற்கு மேல் ஒரு கணிப்பு மாதிரியையும் சேர்த்து, திட்டத்தின் டிபி சேவா என்ற செயலியில் வைத்தார்கள். 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தமிழ்நாட்டு அரசு மையங்களில் கண்டறியப்பட்ட ஏறக்குறைய 56,000 நோயாளிகளின் தரவில் பயிற்றுவித்தது. அதே ஐந்தாறு அளவைப் போட்டதும் இறப்பு வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று காட்டும். தீவிரம் என்று பிரிக்கப்பட்டவர்களுக்கு அது 10 முதல் 50 வரை போகிறது. மற்றவர்களுக்கு 1 முதல் 4. 'தீவிரம்' என்ற ஒரே சொல்லுக்குள் பத்தும் ஐம்பதும் ஒளிந்திருந்தன என்பது இதில்தான் தெரிகிறது. இரண்டு பேருக்கும் படுக்கை வேண்டும், ஆனால் ஒருவருக்கு இன்றைக்கே, இப்போதே வேண்டும். பார்க்கிறவர் கையில் எடை மெஷினும் விரல் கருவியும் இருக்கின்றன, எண் வந்த பிறகு அனுப்புவதற்குப் படுக்கையும் இருக்கிறது. தாய்லாந்தில் இல்லாமல் போனது அதுதான்.

எண்ணே கோளாறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கிருமித் தொற்றுக்கு உடல் எல்லை மீறி எதிர்வினை காட்டித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் செப்சிஸை முன்கூட்டிச் சொல்ல, அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் எபிக் என்ற மருத்துவ மென்பொருள் நிறுவனத்தின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை வைத்துச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள்: சேர்ந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு மணி அடித்திருக்கிறது, ஆனாலும் செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது பிடிக்கவே இல்லை. ஐந்தாவது தடவை சும்மா அடித்த மணிக்கு ஆறாவது தடவை எந்த நர்ஸும் ஓடிவரமாட்டார்.

சரி, அப்பாவிடம் திரும்புவோம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தச் சீட்டையும், முடிந்தால் எடுத்த படத்தையும் போனில் வாங்கிக்கொண்டு போங்கள். கடைசி மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ரிப்போர்ட், பிரஷர் மாத்திரைச் சீட்டு இரண்டும் கையில் இருக்கட்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். அன்றைக்கு அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள், வெயிலில் கண் கூசும், திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி இருந்தால் நல்லது. மருத்துவர் விழித்திரையைப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மையத்தில் வீக்கம் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் எடுப்பார். பாதிப்பு உறுதியானாலும் இன்றைக்கு லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. சீக்கிரம் போனால் பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு கண்ணில் எந்தக் கண்ணுக்குச் சீட்டு வந்தது, 'பாதிப்பு' என்றதா அல்லது 'படம் தெளிவில்லை' என்றதா என்பதை ஒருமுறை நன்றாகப் படித்துப் பாருங்கள். வயதானவர்களுக்குக் கண்புரை இருந்தால் படம் மங்கலாகவே வரும். மங்கலான படத்தையும் டாக்டரிடம் அனுப்பத்தான் செய்வார்கள். அது வேறு பிரச்சினை, வேறு வைத்தியம்.

அப்பாவோடு அதே முகாமுக்குப் போய் 'பாதிப்பு இல்லை' என்று சீட்டு வாங்கி வந்த நண்பர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒன்று சொல்லுங்கள். அந்தச் சீட்டு சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கண் அழுத்தத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும்தான் செல்லும்.